உட்பிரிவுக் காணியில் வீதி: இப்போதே போடுவதா, எல்லா வீடும் எழும்பட்டும் என்று விடுவதா?

பதினாறாம் துண்டு
திங்கள், இரவு 9.40

வணக்கம். ஹோமாகமப் பக்கத்தில் 22 துண்டுகளாகப் பிரித்து விற்ற காணியில் 9 பேர்ச் வாங்கி, வீடு கட்டிக் குடிவந்து இரண்டு வருடமாகிறது. அதற்கு முன் பன்னிரண்டு வருடம் வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்தோம்.

காணி பார்க்கப் போன அன்று கையில் கொடுத்த துண்டுப்பிரசுரத்தில் “20 அடி கொங்கிரீட் வீதி” என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இன்றுவரை கிரவல்தான். 22 துண்டில் எட்டு வீடுகள் முடிந்துவிட்டன, ஐந்து வீடுகள் கட்டப்படுகின்றன, மிச்சம் ஒன்பதிலும் புல்தான் வளர்கிறது. காணியை விற்ற நிறுவனத்தைக் கேட்டால், “எல்லோரும் கட்டி முடிக்கட்டும், இப்போது போட்டால் லொறிகள் உடைத்துவிடும்” என்கிறார்கள். கட்டிக்கொண்டிருக்கும் ஐந்து பேரும் அதற்கு ஆமாம் போடுகிறார்கள். புல் வளர்ப்பவர்கள் பேசுவதே இல்லை.

ஒக்டோபர் மழை தொடங்கிவிட்டது. பாடசாலை வேன் சாரதி உள்ளே வர மறுக்கிறார். பிள்ளைகள் வெள்ளைச் சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு செருப்போடு 130 மீற்றர் நடந்து பிரதான வீதிக்குப் போகிறார்கள். குப்பை டிராக்டரும் பாண் முச்சக்கர வண்டியும் முனையோடு திரும்பிவிடுகின்றன. அம்மாவுக்கு 78 வயது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் நாட்களில் இரண்டு பேர் தாங்கவேண்டியிருக்கிறது.

தாமதத்துக்குச் சொல்லும் காரணம் உண்மையா, சாட்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தெஹிவளையான்
திங்கள், இரவு 10.05

சாட்டுத்தான். காணி விற்று முடிந்தால் அவர்களுக்கு அங்கே என்ன வேலை? நாளைக்கே எட்டுப் பேரும் சேர்ந்து அவர்களுடைய அலுவலகத்தின் முன் போய் நில்லுங்கள்.


பழைய ஓவசியர்
செவ்வாய், காலை 6.15

தம்பி, காரணம் உண்மை. சாட்டும் உண்மை. இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும். முப்பத்தொரு வருடம் வீதி வேலையில் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கியூப் என்பது நூறு கன அடி. மூன்று கியூப் மணல் ஏற்றிய டிப்பரில் மணல் மட்டுமே 13 தொன்னுக்கு மேல் வரும், வண்டியின் எடை வேறு. சிலாப் போடும் நாளில் வரும் கொங்கிரீட் கலவை லொறி 6 கன மீற்றரோடு வந்தால் மொத்தம் 25 தொன்னை நெருங்கும். இன்னும் பதினாலு வீடு கட்ட இருக்கிறது. ஒரு வீட்டுக்கு எத்தனை தடவை லொறி வரும் என்று நீங்களே கட்டியவர், உங்களுக்குத் தெரியும். குடியிருப்பு ஒழுங்கைக்கு வழக்கமாகப் போடும் 4, 5 அங்குலக் கொங்கிரீட் அதைத் தாங்காது. முதலில் ஓரம் உடையும், பிறகு மூலை உடையும். அதற்குள் தண்ணீர் இறங்கினால் கீழே இருக்கும் மண் கூழாகிவிடும்.

அடுத்தது குழாய். ஒன்பது வெறும் காணிக்கும் நாளைக்கு நீர் இணைப்பு வேண்டும். பிரதான குழாய் வீதியின் ஒரு பக்கத்தால் போகும். எதிர்ப்பக்கத்து வீட்டுக்கு வீதியைக் குறுக்கே வெட்டாமல் எப்படிக் கொண்டுபோவீர்கள்? வெட்டியவன் மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்துவிட்டு மேலே ஒரு சட்டி சீமெந்து பூசிப் போய்விடுவான். அடுத்த மழைக்கு அது தாழும்.

மூன்றாவது, அந்தக் காணி முன்பு என்னவாக இருந்தது? மேட்டுநிலமா, நிரப்பிய தாழ்நிலமா? நிரப்பிய மண் என்றால், உருளை போட்டு அடுக்கடுக்காக இறுக்கவில்லை என்றால், ஒன்றிரண்டு பருவமழை போகும்வரை அமர்ந்துகொண்டே இருக்கும். அதன்மேல் கொங்கிரீட் போட்டால் அடியில் வெற்றிடம் விழும்.

ஆகவே மேற்பரப்பைத் தள்ளிப்போடுவது சரி. வடிகாலையும் அடித்தளத்தையும் தள்ளிப்போடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை. அவர்கள் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி உங்களுக்கு விற்கிறார்கள். சாட்டு அங்கேதான் இருக்கிறது.


பதினாறாம் துண்டு
செவ்வாய், காலை 7.50

ஐயா, மிக்க நன்றி. பின்பாதி நிரப்பிய நிலம்தான். வாங்கும்போது “செம்மண் காணி” என்றார்கள், லொறியில் வந்த செம்மண் என்று சொல்லவில்லை. வடிகால் இல்லை. மேலே இருக்கும் ஆறு வீட்டுக் கூரைத் தண்ணீரும் வீதி வழியாகத்தான் இறங்குகிறது.


மாபோலை மருமகள்
செவ்வாய், பிற்பகல் 1.20

எங்கள் கதை மறுபக்கம். வத்தளையில் எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடு. எல்லோரும் சண்டை பிடித்து, காசு சேர்த்து, பாதி வீடு கூட வராத நேரத்தில் கொங்கிரீட் போட்டோம். திறப்புவிழாவுக்குப் பால் பொங்கல்கூடப் பொங்கினோம். இரண்டு வருடத்தில் வெறும் காணிகளுக்கு முன்னால் இருந்த பகுதியெல்லாம் தூள். உடைத்தவர் திருத்தவேண்டும் என்று சொன்னால், “என் லொறிதான் உடைத்தது என்று எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டார்கள். பதில் இருக்கவில்லை.

பிறகு அதன்மேலேயே இன்னொரு கொங்கிரீட் போட்டார்கள். வீதி ஏழு அங்குலம் உயர்ந்துவிட்டது. முதலில் கட்டிய எங்கள் வீட்டுக் கராஜ் இப்போது வீதியைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. மழை பெய்தால் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் தண்ணீர் வருகை தருகிறது.

தம்பி, ஒரே ஒரு விடயம் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்த வீதி எந்த மட்டத்தில் வரும்? அதை யாராவது சொல்லியிருக்கிறார்களா?


பழைய ஓவசியர்
செவ்வாய், பிற்பகல் 2.45

அக்காவின் கேள்விதான் இந்த இழையிலேயே பெரிய கேள்வி. நான் அதை விட்டுவிட்டேன், வெட்கமாக இருக்கிறது.

வீதியைத் தாமதிப்பதென்றால் மட்டத்தை இன்றே தீர்மானிக்கவேண்டும். நில அளவையாளரையோ மட்டம் பிடிக்கத் தெரிந்த தொழில்நுட்ப உத்தியோகத்தரையோ கூட்டிவந்து, மாறாத இடத்தில், மின்கம்பத்திலோ மதகிலோ, குறி வைக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து 20 மீற்றருக்கு ஒன்றாக முடிந்த வீதியின் மட்டத்தைக் கட்டையடித்துக் காட்டவேண்டும். இப்போது கட்டும் ஐந்து வீட்டாரும் அதைப் பார்த்துத்தான் கராஜ் தளத்தை வைக்கவேண்டும். அந்தக் குறி இல்லாமல் ஆளுக்கொரு மட்டத்தில் கட்டினால், நாளைக்கு எந்த வீதி போட்டாலும் யாராவது ஒருவர் குழிக்குள் இருப்பார்.

குறுக்குச் சரிவு நூற்றுக்கு இரண்டரை. நான்கு மீற்றர் அகலத்தில் பத்து சென்ரிமீற்றர். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.


சோலைவரிக்காரன்
செவ்வாய், இரவு 8.10

நாங்கள் எல்லோரும் வருடாவருடம் சோலைவரி கட்டுகிறோம். பிரதேச சபையே வந்து போடவேண்டியதுதானே? ஏன் கையிலிருந்து செலவழிப்பது பற்றிப் பேசுகிறீர்கள்?


உறுதிப்பெட்டி
செவ்வாய், இரவு 10.30

சட்டத்தரணி என்ற முறையில் பொதுவாகச் சொல்கிறேன். காணி உறுதிப் பத்திரத்தைப் பார்க்காமல் முடிவாக எதுவும் சொல்ல முடியாது.

சோலைவரி கட்டுவதால் தனியார் வீதி சபையின் வீதியாகிவிடாது. சபை பொறுப்பேற்கவேண்டும். அதற்கு வழக்கமாக வீதித் துண்டின் உரிமையாளரும் இருபக்கத்துக் காணிக்காரரும் சம்மதித்து எழுதிக் கொடுக்கவேண்டியிருக்கும். அகலமும் போதுமானதாக இருக்கவேண்டும். பொறுப்பேற்றபின் அது பொது வீதி. முனையில் கேற் போட்டுக் காவலாளியை வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

உங்கள் உறுதியின் அட்டவணையில் இரண்டு பகுதி இருக்கும். ஒன்று உங்கள் துண்டு. மற்றது “வீதிக்கென ஒதுக்கப்பட்ட” துண்டின்மேல் உங்களுக்குள்ள வழியுரிமை. அந்த வீதித் துண்டு இன்னும் யாருடைய பெயரில் இருக்கிறது என்று காணிப் பதிவகத்தில் பாருங்கள். பெரும்பாலும் விற்றவரின் பெயரிலேயே கிடக்கும். அது வேறு யாருக்காவது கைமாறினாலும் பயப்படவேண்டாம், பதியப்பட்ட வழியுரிமை காணியோடு கூடவே போகும்.

ஆனால் பலர் தவறாக விளங்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நமது உரோம-டச்சுச் சட்டத்தில் வழியுரிமை என்பது போகும் உரிமை. வீதியைப் போட்டுக்கொடு என்று கேட்கும் உரிமை அதிலிருந்து வராது. நிலத்துக்காரர் உங்களைத் தடுக்காமல் இருந்தால் போதும், கல்லும் தாரும் கொட்டவேண்டிய கடமை அவருக்கு இல்லை. நீங்களாகவே பாதையைப் பாவிக்கக்கூடிய நிலையில் திருத்தி வைத்துக்கொள்ளலாம். வீதி போட்டுத் தரும் கடமை வேறு ஒப்பந்தத்திலிருந்து வரவேண்டும். விற்பனைக்கு முன் கையெழுத்திட்ட உடன்படிக்கை இருக்கிறதா? அதில் வீதி பற்றி என்ன எழுதியிருக்கிறது? துண்டுப்பிரசுரத்தை மட்டும் நம்பிப் போனால் கையில் பிடிக்க அதிகம் இருக்காது.

இனிக் காலம். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்து ஒப்பந்தம் மீறப்பட்டால் வழக்குத் தொடர 6 வருடம். எழுதப்படாத ஒப்பந்தம் என்றால் 3 வருடம்தான். “எல்லோரும் கட்டட்டும்” என்று அவர்கள் சொல்ல நீங்கள் தலையாட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வருடமும் எங்கே போகிறது என்று புரிகிறதா? ஓவசியர் ஐயா சொன்னபடி மேற்பரப்பைத் தாமதியுங்கள். ஆனால் வாய்ப்பேச்சில் தாமதிக்காதீர்கள். இன்ன திகதிக்குள், அல்லது இத்தனையாவது வீடு முடிந்து இத்தனை மாதத்துக்குள், இன்ன தடிப்பில் போட்டுத் தருவோம் என்று புதிதாக ஓர் எழுத்து வாங்குங்கள். “எல்லா வீடும் முடிந்தபின்” என்ற நிபந்தனையை மட்டும் ஏற்கவேண்டாம். ஒருவர் கட்டாமல் விட்டாலே அந்த நாள் வராது.


தெஹிவளையான்
புதன், காலை 9.00

அப்படியென்றால் நான் சொன்னதுதானே சரி? அலுவலகத்தின் முன் போய் நில்லுங்கள்.


உறுதிப்பெட்டி
புதன், காலை 9.25

போய் நிற்பதில் தவறில்லை. திரும்பும்போது கையெழுத்தோடு திரும்புங்கள்.


டொரண்டோவிலிருந்து
புதன், பிற்பகல் 4.15

நான் அந்தப் புல் வளர்க்கும் வகையைச் சேர்ந்தவன். இந்தக் காணி இல்லை, பன்னிப்பிட்டியவில் வேறொன்று. எங்களை எல்லோரும் திட்டுகிறீர்கள், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

காணி விலையில் வீதிக்கும் சேர்த்துத்தான் கொடுத்தேன். இப்போது அயலவர்கள் வட்ஸ்அப்பில், எனக்கு அதிகாலை மூன்று மணியாக இருக்கும்போது, குரல்பதிவு அனுப்பி “உங்கள் பங்கு இவ்வளவு, யாருடைய கணக்குக்குப் போடவேண்டும் என்றால் இன்னாருடைய தனிப்பட்ட கணக்குக்கு” என்கிறார்கள். மதிப்பீட்டுத் தாள் இல்லை. எத்தனை பேர் கட்டினார்கள் என்ற கணக்கு இல்லை. ஒருமுறை அனுப்பினேன். வடிகாலுக்கென்று வாங்கிய காசில் முனையில் பெயர்ப்பலகை வைத்திருந்தார்கள். பளபளப்பான பலகை, அதற்குக் கீழே குட்டை.

ஒழுங்காகக் கேட்டால் கொடுப்பவர்கள் எங்களில் நிறையப் பேர் இருக்கிறோம்.


மாபோலை மருமகள்
புதன், மாலை 5.40

இதை மறுக்கமுடியாது. எங்கள் ஒழுங்கையிலும் காசு கேட்ட விதம்தான் பாதிச் சண்டை. பங்கு பிரிப்பதில் மிச்சப் பாதி. முதல் வீட்டுக்காரர், “நான் முனையிலிருந்து ஐந்து மீற்றர்தான் பாவிக்கிறேன், கடைசி வீட்டுக்காரனுக்கு நான் ஏன் வீதி போடவேண்டும்?” என்றார். கடைசி வீட்டுக்காரர் 6 பேர்ச், நடுவில் இருப்பவர் 20 பேர்ச். பேர்ச் கணக்குக்கு நடுவில் இருப்பவர் குதித்தார். முகப்பு அடிக்கணக்கு என்றதும் மூலைக்காணிக்காரர் எழும்பிப் போய்விட்டார். கடைசியில் துண்டுக்கு ஒரு பங்கு என்று முடிந்தது. நியாயம் என்று சொல்லமாட்டேன், ஆனால் விளக்கம் சொல்லத் தேவையில்லாத ஒரே கணக்கு அதுதான்.


உறுதிப்பெட்டி
புதன், இரவு 9.15

தொடர்மாடியில் இந்தத் தலைவலி இவ்வளவு இல்லை. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதனச் சட்டத்தின் கீழ் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் இருக்கிறது, பொதுச் செலவுக்கு ஒவ்வொரு உரிமையாளரிடமும் அறவிட அதற்கு அதிகாரம் உண்டு. உட்பிரிவுக் காணியில் அப்படி ஒன்றும் இல்லை. உங்கள் சங்கம் நல்லெண்ணத்தில் ஓடும் சங்கம். கட்டாதவரைப் பிடித்து இழுக்கச் சட்டம் இல்லை. ஆகவே கூட்டு வங்கிக் கணக்கு, மூன்று கையெழுத்து, மாதமொருமுறை அறிக்கையின் படம். டொரண்டோ நண்பர் போன்றவர்களுக்கு அது போதும்.


கடைசி வீடு
வியாழன், காலை 8.30

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். எங்கள் ஒழுங்கையில் நடுவில் ஒருவர் கல் குவித்து வண்டி போகாமல் தடுத்துவிட்டார். பொலிஸில் சொன்னோம், “சிவில் பிரச்சினை” என்றார்கள். வழி உண்டா?


உறுதிப்பெட்டி
வியாழன், காலை 11.00

சண்டை வரக்கூடிய நிலை என்று பொலிஸார் கருதினால் 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் அறிக்கை தாக்கல் செய்யலாம். செய்யாவிட்டால் நீங்களே சட்டத்தரணி மூலம் மனுப் போடலாம். நாட்களை ஓடவிடவேண்டாம். குவியலைப் படம் எடுத்து, முறைப்பாட்டின் இலக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைத் தனி இழையில் பேசுவோம்.


பதினாறாம் துண்டு
வியாழன், இரவு 9.50

உடன்படிக்கையைத் தேடி எடுத்தேன். நான் துண்டுப்பிரசுரத்தை முழுதாக நம்பியிருந்தேன், உடன்படிக்கையில் “கொங்கிரீட்” என்ற சொல்லே இல்லை. “உரிய முறையில் அமைக்கப்பட்ட உள்வீதி” என்று மட்டும் இருக்கிறது. கையெழுத்திட்டு நான்கு வருடமும் ஐந்து மாதமும்.

இன்னொன்று. கட்டிக்கொண்டிருக்கும் ஐந்து பேரோடு இன்று மாலை முதன்முறையாகப் பேசினேன். இவ்வளவு நாளும் அவர்களை எதிரிகளாக நினைத்துக்கொண்டிருந்தேன். 11 ஆம் துண்டுக்காரர், “நானும் குடிவந்தால் இதே சேற்றில்தானே நடக்கவேண்டும், வடிகாலுக்கு இன்றைக்கே காசு தருகிறேன்” என்றார். மேற்பரப்புக்கு மட்டும்தான் அவர் எதிர்ப்பு. இதை ஆறு மாதத்துக்கு முன்னே கேட்டிருக்கலாம்.

ஐயா, இப்போது என்ன போட்டால் பிள்ளைகள் சேறில்லாமல் நடக்கலாம், பிறகு வீணாகாது?


பழைய ஓவசியர்
வெள்ளி, காலை 6.05

ஏ.பி.சி. போடுங்கள். அதாவது, குவாறியில் உடைத்துத் தரம்பிரித்துக் கலந்த கல். 6 அங்குலம், ஈரப்பதத்தோடு, உருளை போட்டு இறுக்கவேண்டும். டிப்பரில் கொட்டிவிட்டு லொறிகளே மிதிக்கட்டும் என்று விட்டால் அது வீதியில்லை, கற்குவியல். நன்றாக இறுகினால் லொறி போகலாம், வேன் போகலாம், அம்மாவும் நடக்கலாம். பிறகு இதுவே கொங்கிரீட்டுக்கோ இன்டர்லொக் கல்லுக்கோ அடித்தளம், குழிவிழுந்த இடங்களை மட்டும் நிரப்பினால் போதும்.

வேலை ஒழுங்கு முக்கியம். முதலில் வடிகால், அது எங்கே போய் விழுகிறது என்பதோடு சேர்த்து. அயல் காணிக்குள் திருப்பிவிட்டால் அடுத்த வழக்கு தயார். பிறகு ஒவ்வொரு வெறும் துண்டுக்கும் நேரே வீதிக்குக் குறுக்கே 4 அங்குல வெறும் பிவிசி குழாய் ஒன்றைப் புதைத்து, இரண்டு முனையையும் மூடி, எல்லைக்கல்லில் அடையாளம் போடுங்கள். நாளைக்கு நீர்க்குழாயும் கேபிளும் அதற்குள்ளால் போகும், வீதியை வெட்டவேண்டாம். சில ஆயிரம் ரூபாய் வேலை, ஆனால் பத்துக்கு ஒன்பது இடத்தில் மறந்துவிடுகிறார்கள். அதன்பிறகு மட்டக்கட்டை. அதன்பிறகுதான் கல்.

பின்னொருநாள் கொங்கிரீட் என்றால் 130 மீற்றருக்கு 4 மீற்றர் அகலம், 6 அங்குலத் தடிப்பு, ஏறத்தாழ 78 கன மீற்றர். பதின்மூன்று கலவை லொறி. குறைந்தது ஏழு நாள் நனைத்து வைக்கவேண்டும், பாரமான லொறிக்கு 28 நாள் பொறுக்கவேண்டும். ஏழு நாளும் எல்லோருடைய வண்டியும் வெளியே நிற்கவேண்டும் என்பதை இப்போதே சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் புதிய எதிரிகள் பிறப்பார்கள். இன்டர்லொக் என்றால் 80 மில்லிமீற்றர் கல். மலிவாக இருக்கிறது என்று 60 வாங்கவேண்டாம், அது நடைபாதைக்கு. பின்பாதி நிரப்பிய நிலம் என்பதால் எனக்கு இன்டர்லொக்தான் விருப்பம். தாழ்ந்தால் கழற்றி, நிரப்பி, திரும்ப அடுக்கலாம். கொங்கிரீட் தாழ்ந்தால் உடைப்பதுதான்.


சோலைவரிக்காரன்
வெள்ளி, காலை 9.30

நான் இன்னும் சொல்கிறேன், சபைக்குக் கொடுப்பதுதான் நல்லது. எங்கள் ஒழுங்கையின் விண்ணப்பம் உறுப்பினர்களே இல்லாத காலத்தில், 2023 மார்ச்சுக்கும் 2025 மே தேர்தலுக்கும் இடையில், கோப்புக்குள் தூங்கியது. இப்போது அசைகிறது. முயன்று பாருங்கள்.


உறுதிப்பெட்டி
வெள்ளி, காலை 10.10

கொடுப்பதென்றாலும் வீதித் துண்டு நிறுவனத்தின் பெயரில் இருந்தால் அவர்கள்தான் கையெழுத்திடவேண்டும். கையெழுத்து வாங்கப் போகும் அதே கூட்டத்தில் இதையும் கேட்டுவிடுங்கள். அவர்கள் காணாமல் போனபின் தேடுவது கடினம்.


பதினாறாம் துண்டு
ஏழு வாரங்களுக்குப் பிறகு, ஞாயிறு, மாலை 6.20

நடந்ததைச் சொல்லாமல் விட்டால் தவறு.

பதின்மூன்று பேர் கையெழுத்திட்ட கடிதத்தோடு போனோம். தெஹிவளையான் சகோதரர் மகிழட்டும், முன்னாலும் கொஞ்ச நேரம் நின்றோம். மூன்றாவது சந்திப்பில் எழுத்து கிடைத்தது. வடிகாலும் அடித்தளமும் உடனே அவர்கள் செலவில். மேற்பரப்பு, பதினாறாவது வீடு முடிந்து ஆறு மாதத்துக்குள், அல்லது இரண்டு வருடத்துக்குள், எது முந்துகிறதோ அது. இன்டர்லொக், 80 மில்லிமீற்றர். இரண்டு வருடத்தை ஒரு வருடமாக்க முயன்றோம், முடியவில்லை. கொங்கிரீட் என்று பிடிவாதம் பிடித்த மூன்று வீட்டார் என்னோடு பேசுவதில்லை. வீதித் துண்டைச் சபைக்குக் கொடுப்பதற்குச் சம்மதக் கடிதம் தர நிறுவனத்தார் மறுத்துவிட்டார்கள், “பிறகு பார்ப்போம்” என்றார்கள். அதை விடவில்லை.

குறுக்குக் குழாய்கள் எங்கள் செலவு. கூட்டுக் கணக்குத் திறந்தோம். வெளிநாட்டில் இருக்கும் ஆறு பேரில் ஐந்து பேர் அறிக்கையைப் பார்த்த அன்றே அனுப்பினார்கள். முதலாம் துண்டுக்காரர் கட்டவில்லை. மாபோலை அக்கா சொன்ன அதே வசனம், அதே ஐந்து மீற்றர்.

நேற்று உருளை வந்தது. கீழ்ப்பாதி முடிந்துவிட்டது. மேற்பாதிக்கு நாளை கல் வருகிறது. படங்கள் இணைத்திருக்கிறேன்.


பழைய ஓவசியர்
ஞாயிறு, இரவு 7.05

படம் பார்த்தேன், தம்பி. கீழ்ப்பாதி நன்றாக இறுகியிருக்கிறது. நான்காவது படத்தில் 19 ஆம் துண்டுக்கு முன்னால் குறுக்குக் குழாய் மேலே தெரிகிறது, நாலு அங்குல ஆழம்கூட இருக்காது. உருளை ஏறினால் நசுங்கிவிடும். நாளைக் காலை கல் கொட்டுவதற்கு முன் தோண்டி, குறைந்தது இரண்டடி கீழே இறக்கச் சொல்லுங்கள். லொறி ஏழு மணிக்கே வந்துவிடும், நீங்கள் ஆறரைக்கு அங்கே நில்லுங்கள்.